மூன்று மாத ஒப்பனைப் பயிற்சி: முடித்து ஒன்றரை ஆண்டு கழித்து ஒரு மதிப்பீடு

பயிற்சி நிறுவனங்களைப் பற்றிய மதிப்பீடுகளில் பெரும்பாலானவை கடைசி வகுப்பன்று, சான்றிதழைக் கையில் பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொண்ட சூட்டோடு எழுதப்படுபவை. அன்றைக்கு எனக்கும் ஐந்து நட்சத்திரம் தரத்தான் தோன்றியது. வரவேற்பறையில் இருந்தவர் "இப்போதே இரண்டு வரி எழுதிவிடுங்களேன்" என்று கேட்டபோது, வேலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒப்பனைக் கலைஞராகப் பிழைக்க வேண்டும் என்று நினைத்துச் சேரும் ஒருவருக்கு அந்த வகுப்பு எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்பது முகம் தெரியாத ஒருவர் பணம் கொடுத்துவிட்டு நம் நாற்காலியில் வந்து அமரும்போதுதான் தெரிகிறது. அப்படி அமர்ந்தவர்களின் எண்ணிக்கை எனக்கு இப்போது நூறைத் தாண்டிவிட்டதால், தள்ளிப்போட்டு வந்ததை எழுதிவிடுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே பாடத்திட்டத்தோடும், மாணவிகளுக்குக் கொடுக்கும் இதே மாதிரியான ஒப்பனைப் பொருள் பெட்டியோடும் நடக்கும் வகுப்புகள் பல இருப்பதால், பெயர் இல்லாமலே இது பயன்படும் என்று நம்புகிறேன்.

வகுப்பின் அமைப்பு இதுதான்: 12 வாரங்கள், வாரத்தில் ஐந்து நாட்கள், நாளுக்கு மூன்று மணி நேரம், 14 மாணவிகள், ஒரே ஆசிரியை. அவர் மேடை நாடகத்துக்கும் பிறகு படப்பிடிப்புகளுக்கும் ஒப்பனை செய்து வந்தவர். நாளின் முதல் ஒரு மணி நேரம் அவர் செய்து காட்டுவார். மீதி இரண்டு மணி நேரம் நாங்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் செய்து பழகுவோம். பாடத்திட்டத்தின் அச்சிட்ட தாளில் கண் ஒப்பனை வகைகளுக்கு மட்டும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் நான் இன்று நன்றியோடு நினைத்துப் பார்ப்பது அந்தத் தாளில் ஒரே வரியாக இருந்த முதல் வாரத்தைத்தான்.

முதல் வாரம் முழுவதும் எங்களை யாருடைய முகத்தையும் தொட விடவில்லை. பிரஷ் கழுவுவது, பல நிறங்கள் அடங்கிய பேலட்டைத் துடைப்பது, பென்சில் சீவுவது ஆகியவை மட்டுமே பாடம். கலை கற்க வந்தோமா, பாத்திரம் தேய்க்க வந்தோமா என்று பக்கத்தில் இருந்தவர் முணுமுணுத்தார். எனக்கும் அதே எண்ணம்தான். கிருமி நீக்கத்துக்கு 70 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஏன் போதும், 99 விழுக்காடு ஏன் அதைவிடச் சிறந்ததாக இல்லை என்பதை ஆசிரியை ஒரு முழு வகுப்பில் விளக்கினார். தூய்மை கூடக் கூட நல்லது என்று தோன்றினாலும், செறிவு மிகுந்த ஆல்கஹால் நொடியில் ஆவியாகிவிடுகிறது. கூடவே கொஞ்சம் நீர் இருந்தால்தான் அது கிருமியின் மேல் போதிய நேரம் தங்கி, அதன் புரதத்தைச் சிதைக்கிறது. ஈரப் பிரஷைத் தலைகீழாகவோ படுக்கையாகவோ உலர்த்த வேண்டும், நிமிர்த்தி வைத்தால் நீர் உலோகக் கழுத்துக்குள் இறங்கி, மயிரைப் பிடித்திருக்கும் பசையைக் கரைத்துவிடும் என்பதையும் அந்த வாரத்தில்தான் கற்றேன்.

டப்பாவில் இருக்கும் கிரீமை ஆல்கஹால் தெளித்துத் தூய்மையாக்க முடியாது என்பதால், தேவையான அளவை ஸ்பேச்சுலாவால் எடுத்து எஃகுத் தட்டில் வைத்துத்தான் பிரஷால் தொட வேண்டும். லிப்ஸ்டிக்கையும் அப்படியே சுரண்டி எடுக்க வேண்டும். மஸ்காராவுக்கு ஒருமுறை பயன்படுத்தி எறியும் குச்சியே முறை. ஒரு கண்ணுக்குத் தீட்டிய குச்சியை மறுபடி குழாய்க்குள் விடக் கூடாது. டப்பாக்களின் பின்புறம் திறந்த மூடி வடிவில் ஒரு சிறு குறியும் அதற்குள் ஓர் எண்ணும் இருப்பதை அதுவரை நான் அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். திறந்த நாளிலிருந்து எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதைச் சொல்வது அது. கண்ணில் தொற்றோ உதட்டோரம் கொப்புளமோ இருப்பவருக்கு அன்று அந்த இடத்தில் ஒப்பனை செய்ய மாட்டேன் என்று சொல்லும் பழக்கத்தையும் எங்களுக்கு நடித்துக் காட்டிப் பழக்கினார்கள். பணம் கொடுப்பவரிடம் மறுப்புச் சொல்வதற்குப் பயிற்சி தேவை என்பது அப்போது வேடிக்கையாகத் தெரிந்தது.

இதற்கு இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. எனக்கு முதன்முதலில் தொடர்ந்து வேலை கொடுத்த வாடிக்கையாளர் என் கண் ஒப்பனையைப் பார்த்து வந்தவர் இல்லை. தோழி ஒருவருக்கு நான் ஒப்பனை செய்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர், நான் மஸ்காராக் குச்சியை எறிந்துவிட்டு அடுத்த கண்ணுக்குப் புதியதை எடுத்ததைக் கவனித்திருக்கிறார். வேறு ஒருவரிடம் ஒப்பனை செய்துகொண்டு இரண்டு வாரம் கண் சிவந்து அவதிப்பட்டவராம். அவர் வழியாக வந்தவர்களே இன்று என் வருமானத்தில் பெரும்பங்கு.

இரண்டாவது நல்ல பகுதி நிறத்தைப் பற்றியது. கண்ணுக்குக் கீழே நீலம் பாய்ந்த கருமையை குறைகளை மறைக்கப் பூசும் கன்சீலரில் அதைவிட வெளிறியதை எடுத்து மூடினால் அது சாம்பல் பூத்துத் தெரியும். நிறச் சக்கரத்தில் நீலத்துக்கு எதிரே இருக்கும் ஆரஞ்சு சார்ந்த நிறத்தை மெல்லிதாகக் கொடுத்த பிறகே தோல் நிறத்தைப் பூச வேண்டும், அந்த ஆரஞ்சும் வெளிர்ந்த தோலுக்குப் பீச் நிறமாகவும் கருத்த தோலுக்குச் செங்கல் நிறத்தை நெருங்கியதாகவும் இருக்க வேண்டும் என்று செய்து காட்டினார்கள். பருவின் சிவப்புக்குப் பச்சை. முகம் முழுவதும் பூசும் அடிப்பூச்சான ஃபவுண்டேஷனைப் புறங்கையில் தடவி நிறம் பார்க்கும் வழக்கத்தை ஆசிரியை இந்தப் பாடத்தின் முதல் நாளே ஒழித்தார். தாடை ஓரத்தில் மூன்று கோடுகள் இழுத்து, கழுத்தோடும் மார்போடும் ஒப்பிட்டு, சில நிமிடம் காயவிட்டு, எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதை எடுக்க வேண்டும். காயவிடுவது முக்கியம், ஏனென்றால் பல ஃபவுண்டேஷன்கள் உலரும்போது ஒரு படி கருக்கின்றன.

ஆனால் இதே பகுதியில்தான் வகுப்பின் முதல் பெரிய ஓட்டையும் இருக்கிறது. நாங்கள் 14 பேரும் ஏறக்குறைய ஒரே வயதினர். எங்கள் நிறமும் மூன்று நான்கு படிகளுக்குள் அடங்கிவிடும். அறுபது வயதுத் தோலில் பவுடர் எப்படிச் சுருக்கங்களில் போய்த் தங்கும், இமை தொங்கிய கண்ணில் ஐலைனர் கோடு கண்ணைத் திறந்ததும் எங்கே மறையும், பரு வடு நிறைந்த கன்னத்தில் மினுமினுப்பு எதையெல்லாம் காட்டிக்கொடுக்கும் என்பவற்றை மூன்று மாதமும் நாங்கள் பார்க்கவே இல்லை. பாடக் குறிப்பேட்டில் தோல் நிறத்துக்கு ஃபிட்ஸ்பேட்ரிக் அட்டவணையைக் கொடுத்திருந்தார்கள். அது 1975-ல் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற தோல் மருத்துவர், வெயிலில் தோல் எந்த அளவுக்கு எரியும், எந்த அளவுக்குக் கருக்கும் என்பதை வைத்துச் சிகிச்சைக்காக வகுத்தது. பிற்பாடு ஆறு வகைகளாக விரிந்தது. ஒப்பனைக்கு நிறம் தேர அது போதாது. 2022-ல் கூகுள் வெளியிட்ட, சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் உருவாக்கிய 10 நிற அளவுகோல்கூட ஒரு தொடக்கம்தான். ஃபென்டி பியூட்டி என்ற ஒப்பனைப் பொருள் நிறுவனம் 2017-ல் ஒரே ஃபவுண்டேஷனை 40 நிறங்களில் கொண்டுவந்தபோது ஏற்பட்ட பரபரப்பே, அதுவரை எத்தனை பேருக்குத் தங்கள் நிறம் கடையில் கிடைக்காமல் இருந்தது என்பதைக் காட்டிவிட்டது. வகுப்பில் எங்களுக்குக் கிடைத்தவை நான்கு நிறங்கள்.

வரலாற்றுக்கென்று ஒதுக்கிய ஒரு மணி நேரத்தை நான் வீண் என்று நினைத்துக் குறிப்புக்கூட எடுக்கவில்லை. போலந்தில் பிறந்து, பொய்முடி செய்பவராகத் தொழிலைத் தொடங்கிய மாக்ஸ் ஃபாக்டர், ஊமைப்பட காலத்தில் நாடக மேடையின் கனத்த பூச்சு கேமராவின் முன் வெடிப்பு விடுவதைப் பார்த்து 1914-ல் மெல்லிய பூச்சு ஒன்றைச் செய்தார். 1930-களில் டெக்னிகலர் என்ற வண்ணப்பட முறை பரவியதும் அந்தப் பூச்சின் பளபளப்பு வண்ணப்படத்துக்கு ஒத்துவராமல், பான்கேக் என்ற கட்டிப் பூச்சு பிறந்தது. ஒவ்வொரு முறை விளக்கோ கேமராவோ மாறியபோதும் ஒப்பனைப் பொருளும் மாறியிருக்கிறது என்பதே அந்தப் பாடத்தின் சாரம். ஆசிரியை அதைச் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டார். நானும் காதில் வாங்காமல் கடந்துவிட்டேன். அதற்கான விலையை என் இரண்டாவது கட்டண வேலையில் கொடுத்தேன்.

அன்று மணப்பெண்ணுக்குக் கண்ணுக்குக் கீழே ஒப்பனை கலையாமல் நிற்கப் போடும் வெள்ளை நிறச் செட்டிங் பவுடரைத் தாராளமாக அப்பி, சில நிமிடம் ஊறவிட்டுத் தட்டிவிட்டேன். கண்ணாடியில் முகம் பளிங்காக இருந்தது. மாலையில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களில் இரண்டு கண்களுக்கும் கீழே சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைத் திட்டுகள். சிலிக்கா அடங்கிய நுண்பவுடர் தடிமனாகத் தங்கிவிட்டால் ஃபிளாஷின் ஒளியை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். வெயில் காப்புக்காக டைட்டானியம் டை ஆக்சைடோ ஜிங்க் ஆக்சைடோ அதிகம் சேர்த்த ஃபவுண்டேஷன்களும் முகத்தை வெளிறக் காட்டும். வகுப்பில் இதற்குக் கிடைத்தது ஒரே வாக்கியம். ஒப்பனை முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டுக் கைபேசியின் ஃபிளாஷில் ஒரு படம் எடுத்துப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்தியிருந்தால் அந்தப் பெண்ணிடம் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியதில்லை. இப்போது அந்தப் படம் எடுக்காமல் யாரையும் நாற்காலியிலிருந்து எழ விடுவதில்லை.

வெளிச்சத்தைப் பற்றிய இன்னொரு குறையும் உண்டு. வகுப்பறையில் ஒவ்வொரு கண்ணாடிக்கும் முன்னால் வட்ட விளக்கு இருந்தது. வேலைக்குப் போகும் இடங்களிலோ தலைக்கு மேலே ஒரே விளக்கு, பல சமயம் மஞ்சள் விளக்கு. அதன் கீழே எல்லோர் கண்ணுக்கடியிலும் இல்லாத குழிகள் தெரியும், நாம் அவற்றை நிரப்பிக்கொண்டே போவோம். நிறத் துல்லியத்தைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. எண் 90-க்கு மேல் உள்ளதும், பகல் வெளிச்சத்தை ஒத்து 5000 முதல் 5600 கெல்வின் வரை இருப்பதுமான ஒரு விளக்கைக் காலோடு வாங்கிக் கையோடு எடுத்துப்போக வேண்டும் என்பதை நானாகத்தான் தெரிந்துகொண்டேன். தொழிலைத் தொடங்குபவர் இருபதாவது லிப்ஸ்டிக்குக்கு முன்னால் வாங்க வேண்டிய பொருள் இது.

பெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதற்காகவே சேர்கிறார்கள். விளம்பரத்தில் அதன் படம்தான் பெரிதாக இருக்கிறது; கட்டணத்தில் கணிசமான பகுதியும் அதற்கே போகிறது. எங்கள் பெட்டியில் 24 பிரஷ்கள் இருந்தன. அவற்றில் ஏழுதான் இன்றும் என் பையில் இருக்கின்றன, மற்றவை இரண்டு கழுவலுக்குள் மயிர் உதிர்ந்தன அல்லது எதற்கென்றே தெரியாமல் கிடந்தன. எண்ணிக்கையைக் கண்டு மயங்க வைத்த கண் நிறப் பேலட்டில் பாதிக்கு மேல் சுண்ணாம்புத் தூள். தீட்டினால் நிறம் ஒட்டாமல் கன்னத்தில் உதிரும். பொய் இமைக்குக் கொடுத்த பசையில் லேட்டக்ஸ் என்ற ரப்பர் பொருள் இருந்தது. லேட்டக்ஸ் ஒவ்வாதவர்கள் இருக்கிறார்கள், வாடிக்கையாளரிடம் முன்பே கேட்க வேண்டும் என்று ஆசிரியை வாய்விட்டுச் சொன்னாரே தவிர, பெட்டியைத் தயாரித்தவர்கள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஃபவுண்டேஷனுக்கு முன் பூசும் பிரைமர் சிலிக்கோன் சார்ந்தது, உடன் தந்த ஃபவுண்டேஷன் நீர் சார்ந்தது. ஒன்றின் மேல் ஒன்று பூசிய சிலருக்கு அது அழுக்கு உருள்வதுபோல் உருண்டு வந்தது. ஒரே பெட்டிக்குள் ஒன்றோடொன்று பேசாத இரண்டு பொருட்களை வைத்தவர் அவற்றைத் தம் முகத்தில் ஒருநாளும் பூசிப் பார்த்திருக்க மாட்டார்.

பெட்டி வேண்டாம், கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க முடியும் என்பது எனக்குத் தெரியாது. என் அடுத்த அணியில் ஒருவர் கேட்டுப் பெற்றிருக்கிறார். அந்தப் பணத்தில் கிரீம் ஃபவுண்டேஷன் பேலட் ஒன்றும், நிறத்தைத் திருத்தும் துளி நிறமிகளில் வெள்ளை, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றும் வாங்கியிருந்தால் நான்கு நிறப் புட்டிகளைவிட எவ்வளவோ அதிகம் முகங்களுக்கு ஈடு கொடுத்திருக்கலாம். ஆரஞ்சு தூக்கலாகத் தெரியும் ஃபவுண்டேஷனில் ஒரு துளி நீலம் கலந்தால் அது அடங்கிவிடுவதைப் பார்க்கும்போது இன்றும் எனக்குச் சிறுபிள்ளை மகிழ்ச்சி.

அடுத்த குறை நேரம். வகுப்பில் ஒரு முகத்துக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தது. வேலையில் ஒருவருக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. அடுத்து மூன்று பேர் காத்திருப்பார்கள், யாராவது ஒருவர் தாமதமாக வருவார், அந்தத் தாமதத்தை நாம்தான் விழுங்க வேண்டும். 12 வாரத்தில் ஒரு நாள்கூடக் கடிகாரத்தை வைத்து எங்களைச் செய்யச் சொல்லவில்லை. வகுப்பு முடிந்த பிறகு என் தங்கையை உட்காரவைத்து, ஒரே ஒப்பனையை நேரம் குறித்துக்கொண்டு இருபது முறை செய்தேன். "அக்கா, என் முகமே தேய்ந்துவிடும்" என்று அவள் எழுந்து ஓடும்வரை. முதல் முறை ஒரு மணி ஐம்பது நிமிடம், கடைசி முறை ஐம்பத்தைந்து நிமிடம். இப்படி மிச்சமான நேரத்தில் பெரும்பகுதி, முன்பு பொருளைத் தேடுவதில் வீணாகிக்கொண்டிருந்ததுதான். பயன்படுத்தும் வரிசையிலேயே பொருட்களை அடுக்கி வைக்கத் தொடங்கியதும் கை தானாக வேகம் கூடியது.

இதையெல்லாம் காணொளிகளைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். காணொளியில் பெரும்பாலும் ஒருவர் தம் முகத்துக்குத் தாமே ஒப்பனை செய்துகொள்கிறார். பிறர் முகத்தில் கை வைப்பது வேறு வேலை. எதிரே நின்றால் இடம் வலம் மாறும். நம் மூச்சு அவர் முகத்தில் படும். மோதிரம் கன்னத்தில் உரசும். கையை ஊன்ற இடம் தேடினால் பூசிய ஃபவுண்டேஷன் மேல்தான் ஊன்ற வேண்டியிருக்கும். சுண்டுவிரலில் பவுடர் பஃப் ஒன்றை மாட்டிக்கொண்டு அதன் மேல் கையை இருத்தும் முறையை ஆசிரியை என் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்தித்தான் சொல்லிக்கொடுத்தார். அந்தத் திருத்தலுக்காக மட்டுமே வகுப்புக்குப் பணம் கொடுக்கலாம்.

தொழில் நடத்துவதைப் பற்றிய பாடம் கடைசி வாரத்தில் ஒரு பிற்பகல். சமூக வலைத்தளத்தில் கணக்குத் தொடங்குங்கள், தினமும் பதிவிடுங்கள் என்பதோடு அது முடிந்தது. முன்பணம் எவ்வளவு வாங்குவது, நாள் மாறினால் அது திரும்புமா, முன்னோட்ட ஒப்பனைக்குத் தனிக் கட்டணமா, பயணச் செலவு யாருடையது, எத்தனை பேருக்கு மேல் உதவியாளர் வேண்டும், எடுத்த படத்தை வெளியிட அவர் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா ஆகிய எதுவும் பேசப்படவில்லை. இந்தக் கடைசிக் கேள்வியை அவர்களே கேட்டுக்கொள்ளவில்லை என்பதும் உண்மை: பயிற்சியின்போது எடுத்த என் முகப்படம், ஒரு பாதி ஒப்பனை செய்யாததாக, அடுத்த அணிக்கான விளம்பரத்தில் என்னைக் கேட்காமலே வந்தது. சொன்ன பிறகு எடுத்துவிட்டார்கள், வருத்தம் தெரிவிக்கவில்லை.

வேலைத் தொகுப்புக்கென்று அவர்கள் எடுத்துக் கொடுத்த படங்களிலும் பயன் இல்லை. தோலை மெழுகாக்கித் திருத்தியிருந்ததால் அதில் என் வேலை எது, கணினியின் வேலை எது என்று எனக்கே தெரியவில்லை. வாடிக்கையாளர்கள் நம்புவது ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில், திருத்தாமல் எடுத்த முன்னும் பின்னுமான படங்களைத்தான். புகைப்படக் கலையில் தொடக்க நிலையில் இருப்பவர், மாடலாக விரும்புபவர், ஒப்பனைக் கலைஞர் ஆகிய மூவரும் யாரும் யாருக்கும் பணம் கொடுக்காமல் படத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டில் நான்கு நாள் வேலை செய்து என் தொகுப்பை அமைத்துக்கொண்டேன்.

சான்றிதழைப் பற்றிச் சுருக்கமாக: இதுவரை ஒரு வாடிக்கையாளரும் கேட்டதில்லை. ஆனால் உரிமம் இல்லாமல் கட்டணத்துக்கு ஒப்பனை செய்யச் சட்டம் இடம் தராத நாடுகளும் மாநிலங்களும் உண்டு. அங்கே இருப்பவர்கள், சர்வதேசச் சான்றிதழ் என்ற சொல்லை நம்பாமல், இந்தச் சான்றிதழ் உரிமத்துக்குக் கணக்கில் வருமா என்று பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்க வேண்டும்.

வகுப்பு விட்ட இடத்தை எனக்கு நிரப்பியது, மூத்த கலைஞர் ஒருவரிடம் ஐந்து மாதம் உதவியாளராக இருந்தது. கூலி சொற்பம், முதல் மாதம் பிரஷ் கழுவியதும் இமை ஒட்டியதும் மட்டுமே. ஆனால் அழுதுகொண்டே நாற்காலிக்கு வரும் பெண்ணிடம் என்ன பேசுவது, குறை சொல்லிக்கொண்டே இருக்கும் உறவினரை எந்த வேலை கொடுத்து அறையை விட்டு அனுப்புவது, அவருடைய வாடிக்கையாளரிடம் என் எண்ணைக் கொடுக்காமல் இருப்பது ஏன் நேர்மை என்பவற்றை அங்கேதான் கற்றேன். என்னை அவர் சேர்த்துக்கொண்டதற்கும் காரணம் அந்த முதல் வாரம்தான். சோதனைக்கு அழைத்தவர் நான் ஒப்பனை செய்ததைப் பார்க்கவில்லை, முடித்த பிறகு மேசையை எப்படித் துடைக்கிறேன் என்று பார்த்தார்.

ஆகவே, நட்சத்திரம் கேட்டால் கை வேலைக்கும் தூய்மைக்கும் ஐந்துக்கு நாலரை, முக வகைகளுக்கு இரண்டு, பெட்டிக்கு ஒன்று, தொழில் பாடத்துக்கு ஒன்றுகூட இல்லை. தனக்காகக் கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு இது தேவைக்கு அதிகம். தொழிலாகத் தொடங்க நினைப்பவர், பெட்டியைத் தவிர்த்துக் கட்டணத்தைத் தவணையில் கட்டும் ஏற்பாட்டோடு சேரலாம். கையிலிருக்கும் பணத்தில் ஒரு பங்கை விளக்குக்கும், ஐந்தாறு மாதக் குறைந்த வருமானத்துக்கும் ஒதுக்கி வைத்துக்கொண்டு சேர வேண்டும். எந்த இடமானாலும், சேருமுன் ஒரு வகுப்பில் பார்வையாளராக உட்கார அனுமதி கேளுங்கள். மறுத்தால் வேறு இடம் பாருங்கள். நான் சேர்ந்த இடத்தில் அனுமதித்தார்கள். அன்று மாணவி ஒருவர் முகத்தில் தொட்ட பிரஷை நேராகக் கிரீம் டப்பாவுக்குள் விட்டதற்காக, அந்த டப்பா முழுவதையும் ஆசிரியை அவர் கண் முன்னாலேயே குப்பையில் வழித்துப் போட்டார். மறுநாள் போய்ப் பணம் கட்டினேன்.